ஓலை, செம்மண், ரிசுத்தாள்: பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு காலைப் பட்டறை

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் "விரும்பியதைக் கீறுங்கோ" என்று கடதாசியைக் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் வருவது இரண்டு மலைகள். நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஆற்றோரம் ஓர் ஓட்டு வீடு. குடாநாட்டில் மலையே இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறும் இல்லை. அண்ணன் கீறியதைத் தம்பி கீறுகிறான், அவனைப் பார்த்துப் பக்கத்து வாங்குப் பிள்ளை கீறுகிறது. அந்தக் கண்ணையும் கையையும் சொந்த வளவுப் பக்கம் திருப்பிவிடுவதுதான் ஒரு பட்டறையின் வேலை என்று நம்புகிறேன். தரம் 4 முதல் 8 வரையான 24 பிள்ளைகளோடு ஒரு காலைப்பொழுதில் அதை எப்படிச் செய்யலாம் என்று சொல்கிறேன்.

நாளும் ஆட்களும்

முதலில் அதிபரைக் காணுங்கள். பாடசாலை நேரத்தில் நடத்துவதென்றால் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் போக வேண்டியிருக்கும். சனிக்கிழமை என்றால் ரியூசன் குறுக்கே நிற்கும். தரம் 5 பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை வீட்டில் விடமாட்டார்கள், வற்புறுத்தவும் வேண்டாம். பரீட்சை முடிந்த கிழமை கூப்பிட்டுப் பாருங்கள், அவர்களைப்போல் ஆசையாக வேலை செய்பவர்கள் வேறு யாரும் இல்லை.

ஓலை வேலைக்கு ஓகஸ்ட் விடுமுறை நல்லது. வெயில் இருக்கும், ஓலை காயும். ஆனால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அந்தக் காலத்தை ஒட்டியே வரும். தேர், தீர்த்த நாட்களை விட்டுவிடுங்கள். பட்ட வேலைக்கு மார்கழிக் கடைசிதான் காலம். மழை விட்டு வாடைக்காற்று நிலைக்கத் தொடங்கும், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் நடக்கும் பட்டத் திருவிழாவைப் பற்றித்தான் பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். 24 பேருக்கு நால்வர். அவர்களில் ஒருவர் பெட்டி இழைக்கத் தெரிந்த ஊர் ஆச்சியாக இருக்கட்டும். மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ விசாரித்தால் ஆள் தெரியவரும். அவருக்கு அன்றைய நாட்கூலியும் ஓட்டோக் காசும் கொடுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது மரியாதை ஆகாது. அன்றைக்கு அவரும் ஓர் ஆசிரியர்.

பொருள்கள்

பெரிய பட்டியலோடு கடைக்குப் போகத் தேவையில்லை. ரிசுத்தாள், நூல், கத்தரிக்கோல், கொஞ்சம் வெள்ளைக் கடதாசி, இவ்வளவுதான் வாங்க வேண்டியவை. மற்றவை வளவில் இருக்கின்றன.

பனையோலையை ஒரு கிழமைக்கு முன்பே ஆயத்தம் செய்யுங்கள். காணிக்காரரிடம் கேட்டு, ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்காமல் வெட்டுவியுங்கள். வெயிலில் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் வார்ந்து வையுங்கள். நிறம் வேண்டுமென்றால் சாயத்தூள் போட்டுக் கொதிக்கும் நீரில் அவிக்க வேண்டும். அதைப் பெரியவர்கள் வீட்டிலேயே செய்து முடித்துவிட வேண்டும். கருக்குமட்டை எதுவும் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது, அதன் பல் ஆழமாகக் கிழிக்கும்.

பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மாவும் நாலு கோப்பை தண்ணீரும். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகு அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல் வரும்வரை கிண்டுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய ஆட்கள் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகளின் பசையில் போடவே கூடாது.

நிறங்களில்தான் பிள்ளைகள் மயங்குவார்கள். வலிகாமத்துச் செம்மண்ணை அரித்து, நீரில் கரைத்து, அடியில் படியும் மெல்லிய வண்டலை எடுத்துப் பசையோடு குழைத்தால் நல்ல செங்காவி கிடைக்கும். அடுப்புக்கரியை அரைத்தால் கறுப்பு. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் ஆலாத்தித் தண்ணீரின் சிவப்பு வரும். சுண்ணாம்பு கண்ணைச் சுடும் என்பதால் அதை நீங்களே கலந்து காட்டுங்கள். செம்பரத்தைப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாற்றை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் தேசிக்காய்ப் புளியும் மற்றதில் சவர்க்கார நீரும் விடச் சொல்லுங்கள். ஒன்று சிவக்கும், மற்றது பச்சைப் பக்கம் போகும். ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள், அவர்களே கேட்கட்டும். மஞ்சள் வெயிலில் வெளிறும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு மனம் நோவார்கள்.

ஒன்பது மணி

விளக்கேற்றல், வரவேற்புரை, பிரதம விருந்தினர் எதுவும் வேண்டாம். பிள்ளைகளின் உற்சாகத்தில் பாதி அந்த முக்கால் மணித்தியாலத்தில் செத்துப்போகும். அவர்கள் வந்ததும் சீமெந்துத் தரையில் பாய் விரித்து வட்டமாக இருத்துங்கள்.

முதல் 20 நிமிடம் பொறுக்கும் வேலை. பள்ளி வளவுக்குள் மட்டும் போய் ஆளுக்கு ஐந்து பொருள் எடுத்து வரச் சொல்லுங்கள். ஊமல், பன்னாடை, பூவரசம் இலை, ஓட்டுத் துண்டு என்று வரும். மதிலுக்கு வெளியே, பற்றைக் காணிகளுக்குள் அனுப்பவே கூடாது. போர் முடிந்தது 2009இல் என்றாலும் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் பல வருடங்கள் நடந்தது. தெரியாத இரும்புப் பொருளைத் தொடக்கூடாது, வந்து சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகளைக் கொண்டே திருப்பிச் சொல்லவையுங்கள்.

பிறகு, எடுத்து வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்த உணர்வைக் கரியால் கடதாசியில் கொண்டுவரச் சொல்லுங்கள். இதற்குச் சரி பிழை கிடையாது. தயங்கும் பிள்ளையின் கையும் இங்கே அசையத் தொடங்கும்.

"எனக்குக் கீறத் தெரியாது"

இந்தச் சொல் வரும். கூடவே "ரீச்சர், நீங்கள் கீறித் தாங்கோ" என்றும் வரும். பிள்ளையின் கடதாசியில் உங்கள் பென்சில் ஒருபோதும் படக்கூடாது. நான் சொல்லும் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஒரு கோடு நீங்கள் போட்டுக் கொடுத்தால் அந்தப் படம் அப்போதே பிள்ளையின் கையை விட்டுப் போய்விடும், மிச்சத்தை அது நிறம் தீட்டுகிற வேலையாகத்தான் பார்க்கும்.

பதிலுக்குக் கேள்வி கேளுங்கள். காலையில் வீட்டுப் படலையைத் திறந்ததும் முதலில் என்ன தெரியும்? வேலியில் எந்த மரம் நிற்கிறது? கிணற்றுக்கட்டில் யார் நிற்பார்கள்? அம்மம்மா எங்கே இருந்து வெங்காயம் உரிப்பா? மூன்று கேள்விக்குள் பிள்ளை கரியைக் கையில் எடுத்துவிடும். மலையும் சூரியனும் வந்தால் கண்டிக்காதீர்கள். "இது எந்த ஊர்? நீங்கள் அங்கே போயிருக்கிறீங்களா?" என்று உண்மையாகவே கேளுங்கள். பிறகு இரண்டாவது கடதாசியைக் கொடுத்துப் பள்ளிக்கு வரும் வழியைக் கீறச் சொல்லுங்கள்.

இந்த மண்ணில் ஓவியக் கற்பித்தலுக்கு ஒரு மரபு உண்டு. 1938இல் ஓவியர் எஸ்.ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். குருநகரில் பிறந்த ஓவியர் அ. மாற்கு நெருக்கடியான காலத்திலும் மாணவர்களைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டு கற்பித்தார். அவரிடம் கற்ற வாசுகி ஜெயசங்கரின் ஓவியங்களைப் பாருங்கள், மாற்குவின் சாயலைத் தேட வேண்டியிருக்கும். நல்ல ஆசிரியருக்கு அதுதான் அடையாளம் என்பேன்.

சில பிள்ளைகள் துயரமான ஒன்றைக் கீறக்கூடும். காணாமற்போன ஒரு மாமா, குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன். என்ன ஏது என்று துருவாதீர்கள். பக்கத்தில் இருந்து, சொன்னால் கேளுங்கள். அந்தப் படத்தைக் காட்சிக்கு வைக்காமல், உளவளத்துணை ஆசிரியரிடம் தனியே பேசுங்கள். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரில் நொந்த பிள்ளைகளோடு களிமண், நிறம், கதை, விளையாட்டு என்று பல மாதங்கள் பொறுமையாக வேலை செய்தது. ஒரு காலைப் பட்டறையால் அந்த ஆறுதலைத் தர முடியாது. முடியும் என்று நாங்கள் நினைக்கவும் கூடாது.

ஓலை, பிறகு பட்டம்

பத்தரைக்குத் தேத்தண்ணீரும் வாய்ப்பனும் கொடுத்த பிறகு ஆச்சியின் நேரம். ஒரு பிள்ளைக்கு 30 சென்ரிமீற்றர் நீளத்தில் 16 ஓலைத் துண்டுகள். ஈரத் துணியில் சுற்றி வைத்தால் முறியாது. எட்டை நிரையாக வைத்து, தலைப்பக்கம் கல் வைத்து, ஒன்பதாவதை ஒன்றுக்கு மேல் ஒன்றுக்குக் கீழாக ஓட்டுவது. அடுத்தது அதற்கு எதிர்மாறு. ஒவ்வொன்றையும் விரலால் நெருக்கிவிட வேண்டும். தடுக்கு இழைத்து முடித்த பிள்ளையிடம் "இரண்டுக்கு மேல் இரண்டுக்குக் கீழ் ஓட்டி, ஒவ்வொரு வரியும் ஓர் ஓலை தள்ளிப் பார்" என்று சொல்லுங்கள். சாய்வாக ஓடும் கோலத்தை அது தானே கண்டுபிடிக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆச்சி குட்டான் இழைக்கப் பழக்கலாம். அவ சொல்வதை இடையில் நின்று மொழிபெயர்க்காதீர்கள், அவ கையைப் பார்த்தே அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

பட்டப் பருவமென்றால் ஓலைக்குப் பதில் பட்டம். 50 சென்ரிமீற்றர் நெடுக்குத் தடி, 45 சென்ரிமீற்றர் குறுக்குத் தடி. மேலிருந்து கால்வாசியில் இரண்டையும் குறுக்காகக் கட்டி, நுனிகளை நூலால் சுற்றிச் சட்டமாக்கி, ரிசுத்தாள் ஒட்டி, இரண்டரை மீற்றர் வால் வைத்தால் போதும். பட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சையைக் கட்டுவதில்தான் பட்டத்தின் உயிர். சுழன்று விழுந்தால் வாலை நீட்டுங்கள். எழும்ப மறுத்தால் முச்சை முடிச்சைச் சிறிது மேலே நகர்த்துங்கள். மின்கம்பி இல்லாத வெளியில் மட்டும் ஏற்றுங்கள், பலாலி விமான நிலையப் பக்கம் வேண்டாம். காற்றில் ஒலி எழுப்பும் விண் கட்ட ஆசைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள், அதற்கு இன்னொரு நாள் வையுங்கள்.

பன்னிரண்டு மணி

மரத்துக்கு மரம் கயிறு கட்டி எல்லாருடைய வேலையையும் தொங்கவிடுங்கள். முதலாமிடம், இரண்டாமிடம் வேண்டாம். போட்டி வைத்தால் அடுத்த முறை எல்லாரும் வென்ற படத்தையே கீறுவார்கள், மறுபடியும் இரண்டு மலைகள் வந்துவிடும். பெற்றோர் வந்தால் "வடிவா இருக்கு" என்பதோடு நிறுத்தாமல் "இதை எப்படிச் செய்தனி?" என்று கேட்கச் சொல்லுங்கள். செய்தது பிள்ளையோடு வீட்டுக்குப் போகட்டும். அலுவலக அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டாம்.

இழைக்கத் தெரிந்த ஆச்சிமார் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம். ஓலை காய ஒரு கிழமை வேண்டும், அனுமதி கிடைக்க அதைவிடக் கூடுதலான நாள் வேண்டும். அடுத்த விடுமுறைக்கு நாள் கிடக்கிறது என்று இருக்காமல், உங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆச்சியிடம் இந்தக் கிழமையே ஒரு சொல் கேட்டு வையுங்கள்.