திரும்பி வரவும் அதே ஓடைதான்

கேள்வி: ஐயா, எங்கள் அடுக்ககத்திலிருந்து 18 பேர் வரும் ஞாயிறன்று நாகலாபுரம் மலையில் ஓடையை ஒட்டி நடக்கப் போகிறோம். மூன்று நாளாக அங்கே நல்ல மழையாம். ‘தண்ணீர் கூடியிருந்தால் இடுப்பில் கயிறு கட்டிக் கடந்துவிடலாம்’ என்கிறார்கள். என் மகளுக்கு 12 வயது. அழைத்துப் போகலாமா? – ஒரு வாசகி, ஆவடி

பதில்: இந்த ஞாயிறு வேண்டாம் அம்மா. மகளை மட்டுமல்ல, 18 பேரில் யாரும் போக வேண்டாம்.

அந்த மலையில் மண் குறைவு, பாறை அதிகம். குவார்ட்சைட் என்னும் கெட்டிப் பாறை, தண்ணீரைக் குடிக்காது. மேலே கொட்டுவதெல்லாம் வழிந்து ஓடைக்கே வந்து சேரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்; உச்சியில் பெய்த மழை சற்று நேரத்தில் காலடிக்கு வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் திடீரென்று பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பையனை அடித்துப் போனது நினைவிருக்கும். திருப்பதியில், 2021 நவம்பர் மழை ஸ்ரீவாரி மெட்டுப் படிக்கட்டுப் பாதையையே பெயர்த்தது. கல்லால் கட்டிய படிக்கே அந்த கதி.

ஓடையோரப் பாதை ஒரே கரையில் போகாது. இக்கரை, அக்கரை என்று பலமுறை மாறும். காலையில் முழங்கால் அளவில் கடந்த இடங்களை எல்லாம் மாலையில் மறுபடி கடந்தாக வேண்டும். அப்போது தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும்? வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் தண்ணீரே பெரியவரைச் சாய்த்துவிடும். உங்கள் மகளுக்கு அது முழங்காலுக்கும் மேலே.

கயிற்றைப் பற்றி நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. பாயும் நீரில் இடுப்பில் கயிறு கட்டுவது மிக ஆபத்து. கால் வழுக்கினால் கயிறு இறுகும், நீரின் வேகம் ஆளைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். முடிச்சை அவிழ்க்க யாராலும் முடியாது. தோள்பையின் இடுப்புப் பட்டையைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் ஓடையில் இறங்க வேண்டும்.

வேறொரு நாள் போகும்போதும் இது பயன்படும்: தெளிந்த நீர் செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டாலோ உடனே மேட்டில் ஏறிவிடுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே இருங்கள். இத்தகைய சின்ன ஓடைகள் ஏறிய வேகத்திலேயே இறங்கும். மழை நின்றால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வழி கிடைக்கும். ஓர் இரவு பசியோடு நனைந்து கிடந்தாலும் பரவாயில்லை. எல்லோரும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்று அவசரப்படும்போதுதான் பெரும்பாலும் விபத்து நடக்கிறது.

கிளம்புமுன் பிச்சாட்டூர் அணைச் செய்தியையும் பாருங்கள். ஊத்துக்கோட்டைத் தரைப்பாலத்தை முன்பு மூழ்கடித்து வந்த அந்த ஆரணியாற்று அணை இந்த மலைகளின் நீரை வாங்குவது. உபரி நீர் திறக்கிறார்கள் என்றால் மலை இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது.

தை பிறந்ததும், வனத்துறை அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு மகளை அழைத்துப் போங்கள். மழை ஓய்ந்து மடுக்கள் தெளிந்திருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கற்கள்கூடக் கண்ணுக்குத் தெரியும்.