பூட்டை எடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நெருக்கடி நிலை பற்றிய உன் நாடகத்தை இரண்டு முறை படித்தேன். திரை விலகும்போதே மேடையில் பெரிய திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்குகிறது. முதலில் அதை எடுத்துவிடு. பட்டறையில் ராவிக்கொண்டிருப்பவர் யாரும் வாய்ப்பூட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அது வெளியூர்க்காரன் கண்.

அடுத்த காட்சியிலேயே போலீஸ் வேன் வருகிறது. அவ்வளவு சீக்கிரம் அது இங்கே வரவில்லை. அறிவிப்பு 1975 ஜூன் 25 இரவு. சென்னையில் அப்போது அதை எதிர்த்த தி.மு.க. ஆட்சி. வடக்கிலிருந்து தப்பி வந்தவர்கள் இங்கே ஒளிந்திருந்தார்கள். பத்திரிகைத் தணிக்கை மட்டும் நமக்கும் இருந்தது. 1976 ஜனவரி 31-இல் ஆட்சியைக் கலைத்த பிறகுதான் இங்கே மிசா சட்டத்தில் கைதுகள். இடைப்பட்ட ஏழு மாதம், 'நமக்கென்ன' என்று நாம் டீ குடித்துக்கொண்டிருந்த மாதங்கள், உன் நாடகத்தில் இல்லவே இல்லை.

பேகம்பூர் போகும் வழியில் ஒரு சலூன். பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் தி.மு.க. நாளேடான முரசொலியை ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார். பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். கைதானவர்கள் பெயரைப் போடத் தணிக்கை விடாது. அதனால் அண்ணா சதுக்கத்துக்கு வர இயலாதவர்கள் என்று பத்திரிகை ஒரு பட்டியல் போட்டிருந்தது. அன்று அவர் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் அவர் சினிமா விளம்பரங்களை மட்டும் சத்தமாகப் படித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முடி வெட்டுகிறவர் கண்ணாடியில் வாசலைப் பார்த்தபடியே வெட்டினார். மௌனம் என்றால் மேடையில் எல்லோரையும் வாய்மூடி நிற்க வைக்கிறாய். உண்மையில் பேச்சு குறையவே இல்லை, தம்பி. மழையும் விலைவாசியும் அவ்வளவு பேசப்பட்ட வருடம் வேறில்லை.

அப்படிக் கைதான முன்னாள் சென்னை மேயர் சிட்டிபாபு சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டவர். 1977 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல். வடக்கே இந்திரா தோற்றார். இங்கே அவரோடு நின்ற அ.தி.மு.க. அணிக்கு 39-இல் 34 இடம். திண்டுக்கல்லில் அ.தி.மு.க.வின் மாயத்தேவர் மறுபடி ஜெயித்தார். இதை எழுத உனக்குக் கூச்சம். கடைசிக் காட்சியில் ஜனங்களைப் பொங்கி எழ வைத்துவிட்டாய்.

என் அப்பாவுக்கு அந்தக் காலம் பிடித்திருந்தது. ஆபீசில் பத்து மணிக்கு ஆள் இருக்கிறது, பஸ் நேரத்துக்கு வருகிறது என்பார். சலூன்காரரும் அவருக்குத்தான் சிநேகிதர். ஓட்டுப் போட்டு வந்த அன்று, யாருக்குக் குத்தினீர்கள் என்று அம்மா கேட்டாள். "சோத்தைப் போடு" என்றார்.

இரண்டாம் அங்கத்தை அந்தத் தட்டிலிருந்து தொடங்கிப் பார்.

அன்புடன்,
அண்ணன்