கடனுக்கு முன்னால் கதவு

என் தங்கையின் கணவர் சூதாட்டத்தில் மாட்டிக்கொண்ட காலத்தில் எங்களுக்கு வந்த அறிவுரைகளில் பாதி, தருமர் பகடை உருட்டிய கதை. மீதி, "வீட்டுக்காரி கொஞ்சம் கண்டிப்பா இருந்திருந்தா" என்ற ரகம். இரண்டாலும் ஒரு வெள்ளிகூட மிச்சமாகவில்லை. தருமர் கதை மாப்பிள்ளைக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

நானும் நம்பர் எடுப்பவன்தான், அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நியாயமில்லை. வேலை சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில். புதன், சனி, ஞாயிறு நாலு நம்பர் (4D) லாட்டரி. திங்கள், வியாழன் டோட்டோ. குலுக்கலுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் ஓய்வு. பழக்கம் கைமீறாமல் இருக்க எனக்கு உதவியது பக்தியோ வைராக்கியமோ இல்லை, ஒரு கணக்கு. நாலு நம்பரில் இருப்பது 10,000 எண்கள். எல்லா எண்ணுக்கும் 'பெரிய' பந்தயத்தில் ஒரு வெள்ளி வைத்தால் செலவு 10,000 வெள்ளி. முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, அடுத்து பத்து எண்களுக்குத் தலா 250, இன்னும் பத்துக்குத் தலா 60. எல்லாப் பரிசும் உங்களுக்கே விழுந்தாலும் கைக்கு வருவது 6,590 வெள்ளி. அதாவது வெள்ளிக்கு 66 காசு. 'சின்ன' பந்தயத்தில் 58 காசுதான். டோட்டோவில் 49 எண்களில் ஆறையும் சரியாகப் பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சத்தில் ஒன்று.

கனவில் வந்த எண், விபத்தான காரின் எண், புது வீட்டு புளோக் எண் எதுவும் இந்தக் கணக்கை ஒரு காசுகூட மாற்றாது. ஆகவே நம்பர் எடுக்கும் காசு திரும்பி வரும் என்று நான் வைப்பதில்லை. சினிமா டிக்கெட் வாங்கியது போலத்தான். தனியாக எடுத்துவைத்த ரொக்கம் தீர்ந்தால் அந்த வாரம் முடிந்தது. இணையக் கணக்கு வைத்திருப்பவர்கள், இந்தக் குலுக்கல்களை நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் கேட்கும் தினசரி வரம்பை மிகக் குறைவாகப் போட்டுவையுங்கள். விட்டதைப் பிடிக்க நினைக்கும் ராத்திரியில் அதுதான் உங்களைத் தடுக்கும்.

மாப்பிள்ளையின் ஆட்டம் மரினா பே சேண்ட்ஸ் சூதாட்டக்கூடத்தில். 2010-இல் சிங்கப்பூரின் இரண்டு சூதாட்டக்கூடங்களும் திறந்தபோதே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி என்றிருந்தது 2019-இல் 150 ஆனது. பலரை இது வாசலிலேயே நிறுத்தியிருக்கும். ஏற்கெனவே மாட்டியவருக்கு அது வேறு மாதிரி வேலை செய்தது. "மச்சான், உள்ள போகும்போதே 150 போச்சு, அத எடுக்காம எப்படி வெளிய வர்றது?" என்று பிற்பாடு ஒருநாள் சொன்னார். 24 மணி நேரத்தையும் உட்கார்ந்தே தீர்த்த நாட்கள் உண்டாம்.

தோற்ற நாளைவிட ஜெயித்த நாள்தான் வீட்டுக்குக் கெடுதலாக முடிந்தது. 2014 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது இங்கே வந்த ஒரு விழிப்புணர்வு விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். தன் சேமிப்பு முழுவதையும் அப்பா ஜெர்மனி மீது கட்டிவிட்டார் என்று ஒரு சிறுவன் முகம் வாடி உட்கார்ந்திருப்பான். ஜெர்மனி கிண்ணத்தையே தூக்கியது. உலகமே அந்த விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. ஜெர்மனி ஜெயித்த வீட்டில் அடுத்த பந்தயத்தை யார் நிறுத்துவது?

கடன் வெளியே தெரிந்ததும் எங்கள் அம்மா வளையல்களை விற்று அடைத்தார். நாலு பேருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. தீபாவளி வருவதற்குள் கடன் மறுபடி அதே அளவுக்கு வந்து நின்றது. அடைத்த கடன், மறுபடி கடன் வாங்கத் தகுதி கொடுக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை. முதலில் மூடவேண்டியது போகிற வழியை.

சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில், ஒருவரைச் சூதாட்ட இடங்களிலிருந்து விலக்கிவைக்கும் உத்தரவு கேட்கலாம். தானே முன்வந்து தன்னை விலக்கிக்கொள்வது சுலபம். சிங்பாஸ் எனும் அரசாங்க இணைய அடையாளம் இருந்தால் இணையத்திலேயே முடியும், குறைந்தது ஓராண்டுக்கு எடுக்க முடியாது. ஆடுபவர் சம்மதிக்காவிட்டால் மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ உடன்பிறந்தவரோ விண்ணப்பிக்கலாம். தங்கைதான் செய்தாள். மதிப்பீட்டுக் குழு இரண்டு தரப்பையும் கேட்கும், ஆகவே கோபத்தைவிடத் தாள்கள்தான் அங்கே பேசும்: வங்கிக் கணக்கு, கடன் ரசீது, பணம் போன தேதிகள். "நான் அவரைக் காட்டிக் கொடுக்கிறேனா அண்ணே?" என்று அவள் அழுதாள். இது போலீஸ் புகார் அல்ல, குற்றப்பதிவும் வராது என்று விளக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

உத்தரவில் ஓர் ஓட்டை உண்டு. சூதாட்டக்கூடம், ஜாக்பாட் இயந்திர அறை, பூல்ஸ் இணையக் கணக்கு எல்லாவற்றையும் அடைக்கலாம். ஆனால் கீழ்த்தளக் கடையில் வரிசையில் நின்று ரொக்கம் கொடுத்து நம்பர் எடுப்பவரை அது தடுக்காது. ஆகவே சம்பளம் வரும் வங்கி அட்டை தங்கையிடம் போனது. அவர் கையில் அன்றாடச் செலவுக்கு மட்டும். பிள்ளைகள் முன்னால் காசு எண்ணிக் கொடுக்காதே என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவமானப்பட்ட ஆம்பிளை நேராக ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரனிடம் போவான்.

கடனுக்கு வந்தோம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுத வைத்தோம்; முதல் தாளில் பாதிதான் இருந்தது, அது எல்லா வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது. உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்க முடியாது. அவர்களிடம் இனி எனக்குக் கடன் தராதீர்கள் என்று தன்னையே விலக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. உரிமம் இல்லாத ஆலோங் கொடுத்த கடனைச் சட்டப்படி வசூலிக்க முடியாது. மிரட்டுவதற்குக் கதவில் பெயிண்ட் அடிக்கத்தான் முடியும். அதற்குப் போலீஸ் இருக்கிறது, 1800-924-5664. வங்கிக் கடன்களுக்கு 'கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்' தவணைத் திட்டம் போட்டுக் கொடுத்தது.

மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. ஆறும் எட்டும் இவ்வளவு சேர்ந்து வருவதைப் பார்த்து அதையும் யாராவது நாலு நம்பரில் போட்டிருப்பார்கள், சந்தேகமே இல்லை. புவாங்கோக்கில் மனநலக் கழகத்தின் அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவில் ஆலோசகரிடம் போகச் சொன்னபோது "நான் என்ன பைத்தியமா?" என்றார் மாப்பிள்ளை. சரி, நீங்கள் வரவேண்டாம் என்று தங்கை மட்டும் போனாள். குடும்பத்தினர் தனியாக வந்தாலும் பேசுவார்கள். அவள் போய்வந்தும் வீட்டில் சண்டை போடாததைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அவரே ஒருநாள் கூட வந்தார். தமிழில் பேசித் தொடங்கவேண்டும் என்பவர்கள் பியட்டி ரோட்டிலுள்ள சிண்டா எனும் இந்தியர் உதவி அமைப்பையோ பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்தையோ அணுகலாம்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் நம் ஊர்த் தம்பிகளுக்கு இன்னொன்று. அந்த 150 வெள்ளிக் கட்டணம் வெளிநாட்டவருக்குக் கிடையாது. உங்களுக்கு வாசல் இலவசமாகவே திறந்திருக்கிறது. வேலை அனுமதி அட்டையில் இருப்பவரும் தன்னை விலக்கிக்கொள்ளலாம். அறையில் ஒருவர் சம்பள நாளுக்கு மறுநாளே கைமாற்று கேட்கிறார் என்றால் காசு கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை அவர் கைப்பேசியிலேயே நிரப்ப உதவுங்கள்.