சித்திரை வானில் எரிநட்சத்திரம் பார்க்க...

1. ஐப்பசி, கார்த்திகையில் வரும் எரிகல் பொழிவுகளை நாஞ்சில் நாட்டில் பெரும்பாலும் மழை மேகம் மறைத்துவிடும். ஜூலைக் கடைசியில் வருவதற்கு இடவப்பாதி மழை மேகம் தடை. நமக்குத் தோதானது சித்திரைதான். ஏப்ரல் 22-ஐ ஒட்டி யாழ் மண்டலப் பொழிவு, மே 6-ஐ ஒட்டி கும்ப மண்டலப் பொழிவு. கோடை மழை பெரும்பாலும் சாயங்காலமே கொட்டித் தீர்த்துவிடுவதால், பின்னிரவில் வானம் தெளிய வாய்ப்பு உண்டு.

2. முதலாவது, 1861-இல் வந்துபோன தாட்சர் வால்மீன் விட்டுச்சென்ற தூசு. அபிஜித் நட்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவதுபோல் தெரியும். அந்தப் பகுதி இரவு 10 மணி வாக்கில் வடகிழக்கில் உதித்து, விடியுமுன் உச்சிக்கு ஏறிவிடும். நள்ளிரவிலிருந்து நாலரை மணி வரை பாருங்கள். இரண்டாவது, ஹாலி வால்மீனின் தூசு. கும்ப மண்டலம் கிழக்கே எழவே 2 மணி ஆகிவிடும். மூன்று முதல் நாலரை வரைதான் நல்ல நேரம். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் ஐரோப்பாக்காரர்களைவிட இது நமக்கு நன்றாகத் தெரியும்.

3. கிளம்புமுன் நாள்காட்டியில் திதியைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டி வந்தால் யோகம். வளர்பிறை அஷ்டமி வரை பாதகமில்லை, நள்ளிரவு வாக்கில் நிலா மறைந்துவிடும். பௌர்ணமி முடிந்த முதல் பத்து நாள் என்றால் பின்னிரவு முழுக்க நிலா காயும்; பேசாமல் தூங்கலாம்.

4. ஏப்ரல் 22 என்றால் 22 இரவு படுத்து 23 விடியுமுன் எழுவது. இதில் ஒரு நாள் பிசகுகிறவர்கள் அநேகம்.

5. இடம்: தென்னையும் ரப்பரும் மூடிய குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்தாருக்குத் தோட்டத்தைவிட மொட்டைமாடிதான் மேல். தெருவிளக்கு கண்ணில் படாதபடி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாயை விரியுங்கள். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் வெட்டவெளி நிறைய. ஆனால் சாலையோரம் வேண்டாம். பூச்சந்தைக்கு வரும் வண்டிகளின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசவைக்கும். பேச்சிப்பாறை அணைப் பக்கம் வானம் இருட்டுதான், ஆனால் யானை நடமாடும் காடு. இரவில் அங்கே போகாதீர்கள்.

6. கடற்கரைக்குப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நம் கரையில் கள்ளக்கடல் ஏறும். தெற்கே வெகுதொலைவில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறிவிடும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டுபோனது பட்டப்பகலில்தான். இரவில் அலை வருவதுகூடத் தெரியாது. எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைப்பக்கமே போகாதீர்கள். மற்ற நாளிலும் மணலில் படுக்காமல் மேட்டுநிலத்தில் உட்காருங்கள். பாறைமேல் ஏறவே வேண்டாம்.

7. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள்.

8. தொலைநோக்கி வேண்டாம். மல்லாந்து படுத்து, வானத்தின் இருண்ட பகுதியைப் பார்த்தாலே போதும். எரிநட்சத்திரத்தைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. மரத்தைத் தேடும் நேரத்தில் அடுத்தது போய்விடும்.

9. கொசுவத்திச் சுருளைக் காற்று வரும் பக்கமாக வையுங்கள். ஃபிளாஸ்கில் சுக்குக்காப்பி இருந்தால் பிள்ளைகளும் தூங்காமல் இருப்பார்கள்.

10. மத்தாப்புபோல் கொட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்காதீர்கள். நல்ல இருட்டில் யாழ் மண்டலப் பொழிவில் மணிக்குப் பத்துப் பதினைந்து தெரியும். நாகர்கோவில் நகருக்குள் இரண்டு மூன்று தெரிந்தாலே அதிகம். கும்ப மண்டலத்தின் எரிகற்கள் நொடிக்கு சுமார் 66 கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், சில கற்கள் போன பிறகும் புகைபோல ஒரு கோடு வானத்தில் நிற்கும்.

11. குறித்த நாளில் மேகம் மூடினால் கவலை வேண்டாம். யாழ் மண்டலத்துக்கு முன்பின் ஒரு நாள்தான் தாங்கும், ஆனால் கும்ப மண்டலப் பொழிவு மே 3 முதல் 8 வரை ஓரளவு நன்றாகவே இருக்கும்.