மண்ணுக்குள் ஒரு மருந்துச்சாலை

கோடை மழையின் முதல் துளிகள் விழுந்ததும் மண்வாசனை எழுகிறது. நாம் விரும்பி நுகரும் அந்த வாசனைக்குப் பெரிதும் காரணம், மண்ணில் இழை இழையாய் வளரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியாக்களே. உயிர் காக்கும் மருந்துகள் பலவற்றை ஆக்கித் தருபவையும் இவைதாம்.

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் மாணவராயிருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற இனத்திலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக் மருந்து அதுவே.

ஆயினும் இந்தப் பாக்டீரியா எந்நேரமும் மருந்து செய்வதில்லை. செய்முறை முழுவதும் அதன் மரபணுக்களில் இருந்தும், இளமையில் அது வளர்வதிலேயே கருத்தாயிருக்கிறது. ஏன்? அர்ப்-ஏ என்ற புரதம் ஒரு மரபணுவின் வாயிலில் பூட்டைப் போல் அமர்ந்திருக்கிறது. பாக்டீரியா வளர வளர, ஏ-காரணி என்னும் வேதிப்பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. போதிய அளவு சேர்ந்ததும் அது அர்ப்-ஏயுடன் இணைந்து அதை விலக்கிவிடுகிறது. பூட்டுத் திறந்ததும் அட்ப்-ஏ என்ற புரதம் உண்டாகிறது. அது எஸ்டிஆர்-ஆர் என்ற மரபணுவைத் தூண்ட, அதன் புரதம் மருந்து செய்யும் மரபணுக்களை எழுப்புகிறது. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவது போலன்றோ இது!

1964-இல் பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணில் வாழ்ந்த மற்றோர் இனம் ராபாமைசினைத் தந்தது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் வெறுத்து ஒதுக்காமல் காக்க, 1999-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த இனத்திலும் ராப்-ஜி, ராப்-எச் என்ற இரு மரபணுக்கள் மருந்து உற்பத்தியைத் தூண்டுகின்றன.

கிரிசியஸிடம் இன்னொரு விந்தையும் உண்டு. தன் மருந்தால் தானே மடியாதபடி காக்கும் மரபணு, எஸ்டிஆர்-ஆர் மரபணுவோடு சேர்ந்தே விழிக்கிறது. வாளை எடுக்கும்போதே கேடயத்தையும் எடுத்துக்கொள்கிறது!

ஆனால் காசநோய்க் கிருமிகளும் தம் மரபணுக்களில் நேரும் மாற்றங்களால் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்த்து நிற்கக் கூடும். அம்மருந்தைத் தனியே கொடுத்த 1940-களிலேயே மருத்துவர்கள் இதைக் கண்டனர். அதனால்தான் காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்து, பல மாதங்கள் கொடுக்கிறார்கள். இருமல் நின்றதும் நோய் தீர்ந்தது என்றெண்ணி மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாக மாறவும் கூடும்.

கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் காலமறிந்து ஆக்கிய மருந்தை, நாமும் சொன்ன காலம் வரை தவறாது உட்கொள்வோம். நம் இல்லத்தாருக்கும் எடுத்துரைப்போம்.