பள்ளிபாளையம் சிக்கனுக்கு ஸ்பெயின் ஒயின்

அன்புள்ள தம்பிக்கு,

சேலம் ஓட்டலில் ஒயின் பரிமாறும் வேலை கிடைத்ததில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. இனிப்பு கொஞ்சம் தங்கிய ஸ்பெயின் சிவப்பு ஒயினுக்கு எந்த உணவைச் சொல்வது என்று கேட்டிருந்தாய். பாடப்புத்தகம் சீஸ் என்று சொல்லும். நீ உன் ஊர்ச் சாப்பாட்டிலிருந்து தொடங்கு.

லேபிளில் ‘செமிதுல்சே’ என்றிருந்தால், ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்குப் பொதுவாக 12 கிராமுக்கு மேல் 45 கிராம் வரை சர்க்கரை இருக்கும். சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் முழுதும் தின்று முடிப்பதற்குள் குளிரவைத்து வடிகட்டி நிறுத்திவிடுவது ஒரு முறை. மிஞ்சியதுதான் இனிக்கிறது. 12 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துக் கொடு, சூடேறினால் திகட்டும்.

இனி பள்ளிபாளையம் சிக்கன். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாய்க் கீறிய தேங்காய். இவ்வளவுதான், மல்லித்தூள்கூடக் கிடையாது. மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுத்தான் எண்ணெயில் போடுவார்கள். அப்படியும் நாலு வாய்க்குள் நாக்கு சுர்ரென்று பிடிக்கும். துவர்ப்பும் ஆல்கஹாலும் தூக்கலான ஒயினை அந்த நேரத்தில் கொடுத்தால் எரிச்சல் இன்னும் ஏறும். துவர்ப்பு குறைந்த செமிதுல்சேயின் சர்க்கரை அதைத் தணிக்கும். வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு ஒயினின் பழவாசனையோடு சேரும். தேங்காய்ப் பல் ஒன்றைக் கடித்து நன்றாக மென்றுவிட்டு ஒரு மிடறு குடித்துப் பார். அந்த எண்ணெய்ப்பசைக்குமேல் துவர்ப்பு மெத்தென்று இறங்கும். இதை நீயே ருசித்து அறிந்த பிறகுதான் விருந்தினரிடம் சொல்ல வேண்டும்.

அதிரசத்தோடு மட்டும் கொடுக்காதே. ஒயினைவிடப் பலகாரம் இனித்தால் ஒயின் புளித்துப்போனது போலிருக்கும். நாமக்கல் முட்டையும் வேண்டாம். மஞ்சள்கரு நாக்கில் படிந்து சுவையை மறைத்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் வை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அப்போது அதற்குள்தான். அதற்கு முன்பே, 1925-இல், திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, குடியால் சிதைந்த குடும்பங்களை அவர் அருகிருந்து பார்த்தவர். அந்த மண்ணில் ஒயின் பரிமாறுகிறவனுக்குப் பொறுப்பு கூடுதல். 21 வயது ஆகாதவருக்கு ஊற்றாதே, யார் வற்புறுத்தினாலும். வண்டி ஓட்டப் போகிறவரிடம் இரண்டாவது கிளாஸை நீட்டாதே. காலியான கிளாஸைக் கேட்காமல் நிரப்புவது உபசாரம் ஆகாது. குடிக்காதவர் வந்தால் வெறும் தண்ணீரோடு விட்டுவிடாமல், கம்பம் பன்னீர் திராட்சையைப் பிழிந்து, சர்க்கரை சேர்க்காமல் குளிரவைத்து, இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுக் கொடு. காரத்துக்கு அதுவும் இதமாக இருக்கும்.

பெரிய ஓட்டல்களில் இந்தச் சிக்கனில் தக்காளியும் கரம் மசாலாவும் கொட்டிக் குழம்பாக்கிவிடுகிறார்கள். அதற்கு எந்த ஒயினும் பொருந்தாது. மெனு அச்சாகும் முன் உங்கள் செஃப்பைப் பள்ளிபாளையத்துக்கு ஒரு நடை கூட்டிப் போய்ச் சாப்பிட வை.

அன்புடன்,
அண்ணன்