தடமும் தகுதியும்

நுழையும்முன்
குடும்பம் ஒரு கலையின் வாயிலைத் திறந்துவிடலாம். உள்ளே நிலைத்து நிற்பது அவரவர் உழைப்பைப் பொறுத்தது. ஃபார்முலா ஒன் கார்ப்பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் வாழ்க்கை இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

தந்தை காட்டிய வழி
ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் பல குடும்பங்களில் வழிவழியாக நடந்துவருகிறது. விரலால் தடவியே தோலின் பதம் அறியும் நுட்பத்தைப் பிள்ளைகள் நூல்களில் கற்பதில்லை; பெரியோர் அருகில் நின்று கற்கின்றனர். கார்ப்பந்தயக் கலையும் அத்தகையதே. எஞ்சினின் ஓசையைக் கொண்டே அதன் நிலையை உணரவும், சக்கரம் தரையைப் பற்றும் அளவை உடலால் அறியவும் இளமையிலேயே பழகியவர்க்கு அது இயல்பாகிவிடுகிறது.

நரேன் 1977ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பிறந்தார், கோயம்புத்தூரில் வளர்ந்தார். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், ரேலி எனப்படும் நெடுவழிக் கார்ப்பந்தயத்தில் தேசிய வாகையர். தென்னிந்திய ரேலியில் ஏழுமுறை வென்றவர். பஞ்சாலைகளும் மோட்டார்ப் பட்டறைகளும் நிறைந்த கோவையும் அதற்கேற்ற களமாக இருந்தது. அந்நகரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி காரின் எஞ்சினைப் பொருத்திக் குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கினார். இளைஞர் பலர் பந்தயத் தடத்தில் கால்பதிக்க அக்கார்கள் துணைநின்றன.

கடல் கடந்த பயிற்சி
நரேன் 1992இல் பிரான்சு நாட்டின் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயின்றார். தாயகம் திரும்பிச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஃபார்முலா மாருதி பந்தயங்களில் ஓட்டினார். 1994இல் பிரித்தானிய ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரையும், 1996இல் ஃபார்முலா ஆசியா தொடரையும் வென்றார்.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தே இருப்பதால் இவ்விளையாட்டு எளிதெனத் தோன்றலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 83 மீட்டர் கடக்கும். விரைந்து வளைவில் திரும்பும்போது புவியீர்ப்பைப்போல் நான்கு மடங்கு விசை உடலைப் பக்கவாட்டில் தள்ளும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து 7 கிலோ எனக் கொண்டால், கழுத்து அப்போது தாங்குவது 28 கிலோ. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவுக்கு இத்துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு, கவனம் சிதறாமல் ஓட்டுதல் வேண்டும். இத்தகைய உடலுறுதியை எந்தத் தந்தையும் மகனுக்கு மரபுரிமையாக எழுதிவைக்க இயலாது.

காத்திருப்பும் களமும்
நரேன் 2001இல் ஜாகுவார் அணியின் காரை ஓட்டி, ஃபார்முலா ஒன் காரில் சோதனை ஓட்டம் மேற்கொண்ட முதல் இந்தியரானார். ஆயினும், பந்தயத்தில் இடம்பெற மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். இவ்விளையாட்டில் திறமையோடு பெரும் பொருளும் வேண்டும். நிறுவனங்களின் ஆதரவின்றி மேல்நிலைக்குச் செல்லுதல் அரிது. டாட்டா குழுமத்தின் துணையுடன் ஜோர்டான் அணியில் சேர்ந்த அவர், 2005 மார்ச்சு 6ஆம் நாள் மெல்போர்னில் முதன்முதலாகப் போட்டியிட்டார்.

அவ்வாண்டு சூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் நடந்த பந்தயம் சிந்தனைக்குரியது. மிசெலின் டயர்கள் அத்தடத்திற்குப் பாதுகாப்பானவை அல்ல என்று தெரிந்ததால், அவற்றைப் பயன்படுத்திய 14 கார்கள் முன்னோட்டச் சுற்றுடன் விலகின. எஞ்சிய ஆறு கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. 'நல்வாய்ப்பால் வந்தது' என்று அதனைக் குறைத்துரைப்பர் சிலர். வாய்ப்பு வந்தது உண்மையே. ஆனால், அது வந்த நாளில் களத்தில் நிற்பதற்கு அவர் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்திருந்தார் என்பதும் உண்மையன்றோ?

தளரா முயற்சி
அடுத்த ஆண்டில் அவருக்குப் பந்தய இருக்கை கிடைக்கவில்லை. வில்லியம்சு அணியின் சோதனை ஓட்டுநராகப் பணியாற்றினார். 2007 திசம்பரில் சீனாவின் சூஹாய் நகரில் நடந்த ஏ1 கிராண்ட் பிரீ தொடரில் இந்திய அணிக்கு வெற்றி தேடித்தந்தார். 2010இல் பத்மசிறீ விருது பெற்றார். 2011 அக்டோபர் 30ஆம் நாள் தில்லியை அடுத்த புத்தா பந்தயத் தடத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது, எச்.ஆர்.டி. அணிக்காகத் தாய்மண்ணில் ஓட்டினார். அந்த அணியின் கார் வேகம் குறைந்தது. வெற்றிக்கு வாய்ப்பில்லை என அறிந்தும் ஓட்டத்தை அவர் கைவிடவில்லை. பின்னர்ச் சப்பானில் பந்தய வாழ்வைத் தொடர்ந்து, 2019இல் தம் 42ஆம் வயதில் ஃபூஜி தடத்தில் வென்றார்.

தந்தையின் பெயர் அவரைத் தடத்தின் வாயில்வரை அழைத்துச் சென்றது. நேரம் அளக்கும் கருவிக்கோ யாருடைய குலமும் தெரியாது. அதேவேளையில், அவ்வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. பட்டறையிலும் தோல் தொழிற்சாலையிலும் உழைப்போரின் பிள்ளைகளுக்கும் பயிற்சிக் களங்கள் எட்டும்போதுதான் நம் நாட்டின் முழுத் திறமையும் வெளிப்படும்.

தெரிந்து தெளிவோம்
பந்தயத் தடத்தில் எல்லாக் கார்களும் ஒரே திசையில் செல்லும். தடுப்பு அரண்கள், தீயணைப்போர், மருத்துவக் குழுவினர் ஆயத்தமாக இருப்பர். வேலூர், ஆம்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையிலோ பள்ளிக் குழந்தையும் பாரவண்டியும் பாதசாரியும் செல்வர். சாலை பந்தயத் தடமன்று. அங்கே வேகம் வீரமாகாது.

கற்பவை கற்றபின்
1. 'வாய்ப்பு, உழைப்பு, மரபு – வெற்றிக்கு இன்றியமையாதது எது?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் ஊரில் வழிவழியாகத் தொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவர் பெரியோரிடம் கற்றவற்றையும் தாமே கற்றவற்றையும் தனித்தனியே தொகுத்து எழுதுக.
3. இண்டியானாபோலிசுப் பந்தய நிகழ்வை நாளிதழ்ச் செய்தியாக மாற்றி எழுதுக.